அஞ்சாவது வரிசை, இடது பக்கம்

சாத்தூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த லட்சுமிகாந்தத்துக்கு மற்ற வீடியோக்காரர்கள் வைத்திருந்த பேர் 'சென்சஸ்'. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டோடு கல்யாண வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். தாய்மாமன் எத்தனை பேர், அதில் மூத்தவர் யார், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் யார் யார், அவர்களை ஒரே படத்தில் சேர்க்கலாமா, மேடைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா, தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். 'பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டு கேக்கலையே' என்று பல வீடுகளில் சிரித்திருக்கிறார்கள். அவர் சிரிக்க மாட்டார். எழுதி முடித்ததை ஒருமுறை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவர் அப்படி இல்லை. 2001-ல் காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போனார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேடையில் எது நடந்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்தார். கேசட் கொடுத்து ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த அவளுடைய தம்பி, பன்னிரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்துபோயிருந்தான். தாலி கட்டும்போது அவன் தன் பக்கத்திலேயே நின்றான் என்றும், கேசட்டில் அவன் இல்லை என்றும் சொன்னாள். வெட்டாத டேப்புகளை எல்லாம் போட்டுக் காட்டினார். மூன்று மணி நேரம் பார்த்தார்கள். லைட்டுக்குப் பின்னால் நின்றிருந்தவனின் ஒரு முழங்கை மட்டும் கிடைத்தது. வெள்ளைச் சட்டை, ஸ்டீல் செயின் போட்ட வாட்ச். அவள் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை பஸ் ஏறி வந்து, அந்த முழங்கையைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் வந்துபோன நாட்களில் லட்சுமிகாந்தத்துக்குச் சாப்பாடு இறங்காது. அதன் பிறகு வாங்கியதுதான் நோட்டு.

2006 தை மாதம் அவருக்கு ஒரு ஆர்டர் வந்தது. அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெண்ணின் அப்பா சின்னச்சாமி முன்பு பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர், இப்போது பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். பெண் மாரிசெல்வி. மாப்பிள்ளை அன்பரசன், சிவகாசியில் ஒரு அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறான். சின்னச்சாமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

லட்சுமிகாந்தம் வெளியே வந்து வண்டியைத் திருப்பும்போது அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

"அண்ணே, இன்னும் ஏழு பேரு இருக்காக. அவுகள விட்றாம எடுக்கணும்."

மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதில் வரிசையாக ஏழு பெண்களின் பேர்.

"இவுகள எனக்கு அடையாளம் தெரியாதேம்மா."

"அஞ்சாவது வரிசை, இடது பக்கம். இதுல எளுதியிருக்க வரிசைப்படிதான் உக்காருவாக. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடுங்க. எங்க அய்யாகிட்ட இதக் கேக்காதீக." வீட்டுக்குள் இருந்த அப்பாவைக் கண்ணால் காட்டினாள்.

"என்ன உறவு?"

"ஒரே ரூம்ல வேலை பாத்தோம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவதற்காகத் தாளை விரித்தார். அவர் மனைவி பாண்டிலட்சுமி தீப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்தாள். கருப்பம்மாள், சுப்புலட்சுமி, வேல்விழி... நாலாவது பேரில் அவள் குரல் நின்றுவிட்டது.

"இது யாரு குடுத்தா?"

"கல்யாணப் பொண்ணு. கல்யாணத்துக்கு வர்றவுக."

"எங்கிட்டுருந்து வர்றது? போன தீவாளி சீசன்ல பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூம் வெடிச்சுச்சுல்ல, அதுல போனவுக இவுக. சுப்புலட்சுமி எங்க மதினிக்குப் பக்கத்து வீடு. நான் துட்டிக்குப் போயிட்டு வந்தேன்."

இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிலட்சுமி அதைத் தொடாமல், பக்கத்தில் கிடந்த சீப்பால் தள்ளி மடித்தாள். "இந்த ஆர்டர் வேண்டாங்க" என்றாள்.

லட்சுமிகாந்தத்துக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, பந்தல் லைட்டுக்கு வயர் அளக்கவேண்டும் என்று சொல்லி மறுபடி அந்த வீட்டுக்குப் போனார். வயரின் ஒரு முனையை மாரிசெல்வியிடம் கொடுத்து வேப்பமரம்வரை போகச் சொன்னார். பின்னாலேயே போய், "அந்த ஏழு பேரும் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்மா" என்றார்.

அவள் திடுக்கிடவில்லை. வயரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பைத்தியம்னு நினைச்சுறாதீகண்ணே. வெறும் சேரத்தான் எடுக்கப் போறீகன்னு எனக்குத் தெரியும். நாங்க எட்டுப் பேரு ஒரு ரூம்ல இருந்தோம். அன்னிக்கு எங்க அம்மா நேந்துக்கிட்டதுன்னு என்னைய இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. நான் வேலைக்குப் போகல."

"ம்."

"அதுக்கு முந்தி ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் போயிருந்தோம். பின்னாடி உக்காந்திருந்தோம். வீடியோக்காரரு எங்க பக்கமே திரும்பல. கருப்பம்மாக்கா அன்னிக்கே சொல்லிட்டா. மாரி கல்யாணத்துல நம்ம அஞ்சாவது வரிசையில இடது பக்கம் உக்காருவோம், அங்கனதான் லைட்டு நல்லா விழுகும், ஃபேனும் இருக்கும்னு. யாருக்கு அடுத்து யாருங்கிறது கூடப் பேசி வச்சிட்டோம். ஒரே கலருல சேலை எடுக்கணும்னு மாசா மாசம் பேசுவோம்."

லட்சுமிகாந்தம் நோட்டைத் திறந்தார். பிறகு தொழில்காரராகக் கேட்டார்.

"கூட்டம் நெரியுமேம்மா. சேர யாரு காலியா வைப்பாக?"

"யார்கிட்டயும் சொல்லலண்ணே. சொல்ல முடியாது. நான் அந்த ரூம்ல வேலை பாத்தேன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா, ஏழு பேரு போயி இவ மட்டும் இருக்காளேன்னு ராசியப் பேசுவாக. அய்யா வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாக. அன்னிக்குச் சேருல ஆளு உக்காந்திருந்தா விட்டுருங்க. காலியா இருந்தா எடுங்க."

"ஒண்ணு மட்டும் சொல்றேன். எடுத்தா, அத உம் புருசன் பாக்காம இருக்க மாட்டாரு. கேசட்டுல இருந்து அவரு தெரிஞ்சுக்கிறத விட உன் வாயால தெரிஞ்சுக்கிறது நல்லது. நீ சொன்ன பெறகுதான் நான் அதக் குடுப்பேன்."

அவள் தலையாட்டினாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்: ஐந்தாவது வரிசை, இடது, ஏழு, தனித்தனியாக.

லைட் பிடிக்க வருகிற மாரிசாமிக்கு அவரைவிட நாலு வயது அதிகம். கல்யாண வீட்டின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் இரண்டு பேரும் விரலால் பேசிக்கொள்வார்கள். ஒரு விரல் என்றால் லைட் போடு, மடக்கினால் அணை, உள்ளங்கை விரித்தால் அப்படியே நில். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் லட்சுமிகாந்தம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்துக் கூட்டிக்கொண்டு போவது சரியில்லை என்று தோன்றியது. மாரிசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "ஆகட்டும்" என்றார். மறுநாள் அவர் கையில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு இருந்தது.

சாத்தூரில் ஒரு மண்டபம். எட்டரை மணி முகூர்த்தம். ஏழரைக்கே கூட்டம் வாசல்வரை நின்றது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற பெண்கள், சுவரில் சாய்ந்த பெரியவர்கள், மேளச்சத்தம், சாம்பார் வாசனை. லட்சுமிகாந்தம் மேடையிலிருந்து கேமராவைத் திருப்பிக் கூட்டத்தைப் பொதுவாக ஒரு சுற்று எடுத்தார். அப்போதுதான் பார்த்தார். அவ்வளவு நெரிசலில் ஐந்தாவது வரிசையின் இடது பக்கம் காலியாகக் கிடந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் சேர்கள், ஓரத்திலிருந்து வரிசையாக.

துண்டு போட்டிருக்கவில்லை. கயிறு கட்டியிருக்கவில்லை. பை, குடை, செருப்பு எதுவும் இல்லை. முன் வரிசையும் பின் வரிசையும் ஆட்களால் அடைத்திருந்தன.

கீழே இறங்கிப் போனார். அந்தச் சேர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்று அவர் நோட்டில் இருந்தவள். எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

"உக்காருங்களேன்க்கா, பிள்ளைய வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பீக?"

அவள் சேர்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஆளு இருக்குண்ணே" என்றாள்.

யார் சொன்னார்கள் என்று கேட்க வாய் எடுத்தார். கேட்கவில்லை. அவளிடமிருந்து என்ன பதில் வரும் என்று தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

மாரிசாமியைப் பார்த்து ஒரு விரல் காட்டினார். லைட் எரிந்தது. முதல் சேருக்கு முன்னால், இரண்டு வரிசைக்கும் நடுவிலிருந்த சந்தில் நின்றார். கருப்பம்மாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ரெக்கார்டிங்கை அழுத்தினார்.

அவருடைய கேமரா தானாகவே ஃபோகஸ் பிடிக்கும். எதிரில் இருப்பது சேர் மட்டும்தான் என்றால் சேரின் முதுகுப் பலகை தெளிவாகத் தெரியவேண்டும். தெரியவில்லை. பலகை கலங்கி, ஈரத்தில் ஊறிய சிவப்புத் தாளைப் போல இருந்தது. ஃபோகஸ் அதற்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றுகொண்டது. ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கே. லென்ஸைத் துடைத்தார். அடுத்த சேருக்கு நகர்ந்தார். அங்கேயும் அப்படித்தான். லைட் வெளிச்சத்தில் தூசி பறந்தாலும் ஃபோகஸ் ஏமாறும் என்பது அவருக்குத் தெரியும். அதையே நினைத்துக்கொண்டார்.

யாரைத் தனியாக எடுத்தாலும் 'இங்கன பாருங்க' என்று மெல்லச் சொல்வது அவர் வழக்கம். மூன்றாவது சேரில், வேல்விழியின் இடத்தில், அவர் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு முதல் இரண்டு பேருக்குச் சொல்லவில்லையே என்று உறுத்தியது. திரும்பிப் போய் அவர்களுக்கும் சொல்லி, மறுபடி எடுத்தார். மாரிசாமி பிடித்த வெளிச்சம் சேர்களின் மேல் ஏறி இறங்கியது. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெளிச்சம் நின்றது.

ஏழையும் எடுத்து முடித்துக் கேமராவை இறக்கினார். அப்போதுதான் எட்டாவது சேரைக் கவனித்தார். அதற்கு அடுத்ததில் ஒரு தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏழாவது சேருக்கும் நடுவில் இன்னும் ஒரு சேர் காலியாக இருந்தது.

தாளில் ஏழு பேர்தான். அந்த ரூமில் வேலை பார்த்தவர்கள் எட்டுப் பேர்.

மேளம் உச்சத்துக்குப் போனது. ஓடி மேடைக்கு ஏறித் தாலி கட்டுவதை எடுத்தார். வியூஃபைண்டரில் மாரிசெல்வியின் முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்தபோது அவள் அன்பரசனைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. எண்ணி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நேரமாகிவிட்டதே என்று கம்பெனி வேனுக்குக் காத்திருப்பவள், தூரத்தில் வேன் வருவதைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு.

பெரியவர்களிடம் விழுந்து கும்பிடுவதற்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையை விட்டு இறங்கினார்கள். முதல் வரிசையில் தாய்மாமன்கள் எழுந்து நின்றார்கள். மாரிசெல்வி அவர்களைக் கடந்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று நேராக நடந்தாள். சேலையோடு முடிந்திருந்த துண்டு இழுத்ததில் அன்பரசன் பின்னாலேயே தடுமாறி வந்தான்.

லட்சுமிகாந்தம் நோட்டில் எழுதாத ஒரு வேலையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்தார். பக்கவாட்டில் ஓடினார். தாத்தாவின் முழங்காலைத் தாண்டி உள்ளே நுழைந்து, அவள் வந்து சேருவதற்குள் அந்த எட்டாவது சேரில் உட்கார்ந்துவிட்டார். கேமரா மடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

அவருக்கு வலது பக்கம் தாத்தா. இடது பக்கம் ஏழு காலிச் சேர்கள். ஆனால் உட்கார்ந்ததும் இடது தோள் நெரிந்தது. காலை நேர மினி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கையை விலக்கப் பார்த்தார், விலக்க இடமில்லை. சாம்பார் வாசனை போய் மருந்து வாசனை வந்தது. கந்தகமும் வெடியுப்பும் கலந்த அந்த நெடி அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் பழகினது. அதற்குள் மல்லிகைப் பூவின் மணமும் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்தபடி இருந்தார்.

மறு நொடியே மாரிசெல்வி வந்து நின்றாள். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அணைந்தது.

"எந்திரிங்கண்ணே. அது என் சேரு."

"உன் இடம் அங்கனம்மா" என்று மேடையைக் காட்டினார். "இங்க நான் இருக்கேன். நீ போ. மாமன்மாரு நிக்கிறாக, போயி கும்பிடு."

அவள் அவருக்குப் பக்கத்துச் சேர்களைப் பார்த்தாள். யாரோ சொல்வதைக் கேட்பதுபோலக் கொஞ்சம் குனிந்தாள். பிறகு அன்பரசனின் கையைப் பிடித்துக்கொண்டு, தாய்மாமன்கள் நின்ற இடத்துக்குத் திரும்பி நடந்தாள். பந்தி தொடங்கி, கூட்டம் கலைந்து, சேர்களை அடுக்க ஆட்கள் வரும்வரை லட்சுமிகாந்தம் எழுந்திருக்கவில்லை. மற்றதை எல்லாம் அங்கே உட்கார்ந்தபடியே எடுத்தார். விருந்து படம் அந்த வீடியோவில் கிடையாது.

வீட்டில் சட்டையைக் கழற்றியபோது பாண்டிலட்சுமி கையில் வாங்கிப் பார்த்தாள். இடது கை, தோளிலிருந்து முழங்கைவரை சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. பட்டாசு வேலைக்காரர்களின் உடம்பில் ஒட்டுகிற சில்வர் பவுடர்.

"யாரு மேல உரசுனீக?"

"அம்புட்டுப் பேரும் கம்பெனி ஆளுகதானே. யாரோ ஒருத்தரு."

அவள் சட்டையை வாளியில் முக்கினாள். இரண்டு முறை துவைத்தும் முழுசாகப் போகவில்லை.

டேப்புகளைக் கோர்க்கிற வேலை மதுரையில் செழியன் என்பவனுடைய கடையில் நடக்கும். நாலாம் நாள் செழியன் போன் செய்தான். "அண்ணே, காலிச் சேரு பதினஞ்சு நிமிசத்துக்கு மேல ஓடுது. ஆஃப் பண்ண மறந்துட்டீகளா? வெட்டிரட்டா?" லட்சுமிகாந்தம் "தொடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினார். பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பகுதியைத் தனி சி.டி.யாகப் போட்டு வாங்கினார். பாட்டு சேர்க்க வேண்டாம், முதல் இரண்டு சேருக்கும் மறுபடி எடுத்ததையே வைக்கவேண்டும் என்று சொன்னார். கேமராவை இறக்கும்போது எட்டாவது சேர் படத்தில் விழுந்த இடத்தை மட்டும் தன் கையால் காட்டி வெட்டச் சொன்னார்.

மாசிப் பொங்கல் முடிந்து மாரிசெல்வியும் அன்பரசனும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். லட்சுமிகாந்தம் முதலில் அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி, உங்ககிட்ட பேசுனாளா?"

"மறுவீட்டுக்குப் போன அன்னிக்கே சொல்லிட்டா. எங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரியும்போது நான் பேசிக்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு சி.டி.யைப் போட்டார். திரையில் சிவப்பாக, கலங்கலாக ஒரு சேர் வந்தது. மேளச்சத்தம் தூரத்தில் கேட்டது. லட்சுமிகாந்தத்தின் குரல் 'இங்கன பாருங்க' என்றது.

மாரிசெல்வி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "கருப்பம்மாக்கா கண்ணச் சிமிட்டிட்டா" என்றாள். "அவளுக்கு லைட்டு பட்டா கூசும்."

அன்பரசன் லட்சுமிகாந்தத்தைத் திரும்பிப் பார்த்தான். லட்சுமிகாந்தம் திரையைப் பார்த்தார். சேர்தான் இருந்தது.

அவள் ஒவ்வொரு சேருக்கும் ஏதாவது சொன்னாள். சுப்புலட்சுமி கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள் என்றாள். வேல்விழி மட்டும் வேறு கலர் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டாள். அழவில்லை. ஏழாவது முடிந்து திரை கறுத்ததும் கேட்டாள்.

"எட்டாவது எடுக்கலையாண்ணே?"

"அதுலதான் நான் உக்காந்துட்டேனேம்மா. கால் வலிச்சுச்சு."

"அவுக தள்ளி இடம் விட்டாகளா?"

லட்சுமிகாந்தம் சி.டி.யை வெளியே எடுத்தார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"நெருக்கமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் சி.டி.யை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். அன்பரசன் மட்டும் செருப்புப் போடுகிற சாக்கில் நின்றான்.

"அண்ணே, உங்களுக்கு எதுவும் தெரிஞ்சுச்சா?"

"இல்ல தம்பி. உங்களுக்கு?"

"இல்ல." வாசலில் நின்ற அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அந்த வேல்விழிங்கிறவ எந்தக் கலருல கட்டியிருந்தான்னு அவ சொல்லல. எனக்குப் பச்சைன்னு பட்டுச்சு. ஏன்னு தெரியல."

பஸ் வந்துவிட்டது என்று அவள் கூப்பிட்டாள். அவன் ஓடினான். அடுத்த மாதம் இருவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று சின்னச்சாமி கடைவீதியில் பார்த்தபோது சொன்னார். லட்சுமிகாந்தம் சந்தோசம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் போகவேண்டிய கல்யாண வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.